படலைக்கு உள்ளேயும் அவர்கள் இந்நாட்டின் பிரசைகள்: வன்னியின் முதியோர் இல்லங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

வடக்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தினருக்கும், வன்னியின் பிரதேச செயலகங்களில் முதியோர் நலனுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களுக்கும், முதியோர் இல்லங்களை நடத்தும் நிர்வாகத்தினருக்கும்,

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

என் பெரியம்மா தன் வாழ்வின் கடைசி மூன்று ஆண்டுகளை, 2019 இலிருந்து 2022 வரை, வன்னியிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் கழித்தார். அந்த இல்லத்தின் பெயரை இம்மடலில் நான் எழுதப்போவதில்லை. அங்கு வேலை செய்தவர்கள் தீயவர்கள் அல்லர். பெரியம்மாவுக்கு ஒருநாளும் சோறு தவறவில்லை, காய்ச்சல் கண்டபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றார்கள், பார்க்கப் போகும் எனக்கும் தேநீர் தந்து உபசரித்தார்கள். ஆயினும் அந்த மூன்று ஆண்டுகளில் தன் வாழ்க்கையைப் பற்றிய ஒரு முடிவைத்தானும் தானாக எடுக்க இயலாதவராக அவர் இருந்தார் என்பதை, அவர் போனபின்னர்தான் நான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

துணுக்காய்ப் பக்கத்தில் வயலும் வளவுமாக வாழ்ந்தவர் அவர். இரண்டு ஆண்பிள்ளைகளில் மூத்தவர் இறுதிப் போர் நடந்த 2009 இன் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பில் எறிகணை பட்டு இறந்தார். இளையவர் அதே ஆண்டு மே மாதம் வட்டுவாகலில் வைத்து அழைத்துச் செல்லப்பட்டார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மீள்குடியேறிய சில ஆண்டுகளில் பெரியப்பாவும் காலமானார். ஓய்வுபெற்ற ஆசிரியையான நான் வவுனியாவில் மகளோடு இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறேன். இடுப்பு முறிந்து நடமாட்டம் குறைந்த பெரியம்மாவை அங்கு வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இல்லத்தில் சேர்த்தவள் நான்தான் என்பதையும், சேர்க்கும்போது கேட்கவேண்டிய கேள்விகள் எவற்றையும் கேட்காமல் கையெழுத்திட்டவள் நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சேர்த்த அன்று அவருடைய தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, காணி அனுமதிப்பத்திரம் ஆகிய நான்கையும் அலுவலகத்தில் வாங்கி ஓர் உறையிலிட்டு அலுமாரியில் பூட்டினார்கள். "பத்திரமாக இருக்கும், பயப்படாதேங்கோ" என்றார்கள். பெற்றுக்கொண்டதற்குப் பற்றுச்சீட்டு எதுவும் தரவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து எவரும் சம்மதம் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே கேட்டார்கள்.

அடுத்த வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகவேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். கடல் நீரில் விளக்கெரியும் அந்தக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு, இடம்பெயர்ந்த ஆண்டுகள் தவிர, சிறுவயதிலிருந்து தவறாமல் போனவர் அவர். அந்த 2020 இல் கொரோனாக் கட்டுப்பாடு காரணமாக மறுத்தார்கள், அது நியாயம். கட்டுப்பாடுகள் நீங்கிய பின்னர் 2022 இலும் மறுத்தார்கள். "வழியில் ஏதும் நடந்தால் யார் பொறுப்பு?" என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். நான் போனபோது பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, நீ கையெழுத்து வைச்சா என்னை விடுவினமோ?" என்று கேட்டார். இடப்பெயர்வுக் காலம் முழுவதும் குடும்பத்தின் நிவாரண அட்டைக்கும் பதிவுக்கும் வரிசையில் நின்று கையெழுத்து வைத்தவர், தான் கோயிலுக்குப் போவதற்குத் தன் கையெழுத்துப் போதாது என்பதை இயல்பான ஒன்றாக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பது அந்தக் கேள்வியில் தெரிந்தது.

பூட்டிய படலை என்பது வன்னியின் முதியவர்களுக்கு வேறொரு பொருள் தருவது என்பதை நீங்கள் அறிவீர்கள். இன்று இல்லங்களில் இருக்கும் பலர் 2009 இல் போரால் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தவர்கள். 60 வயது கடந்தோரை அங்கிருந்து முன்னதாக வெளியே விட்டார்கள்; போக்கிடமற்ற சிலர் நேரே முதியோர் இல்லங்களுக்கே அனுப்பப்பட்டார்கள். வாசலில் காவலாளியிடம் அனுமதி கேட்டு நிற்கும் அனுபவத்தை ஒருமுறை கடந்து வந்தவர்களிடம், அதே அனுபவத்தை அன்பின் பெயரால் மீண்டும் தரும்போது, அவர்கள் எதிர்த்துப் பேசாமல் இருப்பதைத் திருப்தி என்று நாம் எண்ணிவிடக்கூடாது.

சட்டம் இதுபற்றி மௌனமாக இல்லை. இலங்கையின் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 2011 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் நடைமுறையில் இருக்கின்றன. முதியோருக்கான தேசிய சபையும் செயலகமும் அச்சட்டத்தின் கீழ் உருவானவை. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்று அது சொல்கிறது. கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புக் கோரி முறையிடுவதற்கு ஒரு சபையையும் அமைத்திருக்கிறது. ஐந்துக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எவரும் பதிவுசெய்யவேண்டும் என்றும் விதிக்கிறது.

நல்ல சட்டம்தான். ஆனால் அதன் நடுவில் ஒரு பிள்ளை இருக்கிறது. முதியவருக்குப் பிள்ளை உண்டு, அந்தப் பிள்ளையை அழைத்து விசாரிக்கலாம், மாதம் இவ்வளவு கொடு என்று கட்டளையிடலாம் என்ற எண்ணத்தின் மீதே பராமரிப்புச் சபை நிற்கிறது. என் பெரியம்மா எந்தப் பிள்ளையை அந்தச் சபைக்கு அழைத்துவருவார்? வன்னியில் அவரைப் போன்றவர்கள் ஒருவர் இருவர் அல்லர். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதவர்கள், கடல் கடந்து போன பிள்ளையின் தொலைபேசிக்காகக் காத்திருப்பவர்கள் என்று இவர்களே எங்கள் இல்லங்களின் கட்டில்களில் இருக்கிறார்கள். பிள்ளையை முன்வைத்து எழுதப்பட்ட பாதுகாப்பு இவர்களை எட்டாதபோது, இவர்களுக்காக நிற்கவேண்டிய இடத்தில் எஞ்சியிருப்பது நீங்கள்தான். நாட்டின் அரசியலமைப்பும், 12 ஆவது உறுப்புரையில் பெண்கள், சிறுவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்காக விசேட ஏற்பாடுகள் செய்யலாம் என்று சொல்லும்போது, முதியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இதனால் உங்கள் பொறுப்பு இன்னும் கனக்கிறது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட முதியோருக்கான 18 கோட்பாடுகளில் ஒன்று நேரடியாக இல்லங்களைப் பற்றியது. தங்குமிடம், பராமரிப்பு நிலையம், சிகிச்சை நிலையம் எதில் இருந்தாலும் முதியோர் தம் மனித உரிமைகளை முழுமையாக அனுபவிக்க வேண்டும் என்றும், அவர்களுடைய கண்ணியம், நம்பிக்கை, தேவை, அந்தரங்கம் ஆகியவை மதிக்கப்பட வேண்டும் என்றும், தம் பராமரிப்பையும் வாழ்க்கையின் தரத்தையும் பற்றித் தாமே முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும் அது கூறுகிறது. முடிவெடுக்கும் உரிமை என்ற அந்தக் கடைசிப் பகுதியே எங்கள் இல்லங்களில் முதலில் கைவிடப்படுகிறது.

பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 70 வயது கடந்த, வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு மாதாந்தக் கொடுப்பனவு வழங்குகிறது. அது அந்த முதியவருக்கு உரியது. பெரியம்மா இறந்த மறுவாரம் அந்த உறையை என்னிடம் திருப்பித் தந்தார்கள். வங்கிப் புத்தகத்தைப் பார்த்தேன். ஒரு சதமும் குறையவில்லை. மூன்று ஆண்டுகளில் ஒரு சதமும் எடுக்கப்படவும் இல்லை. வெற்றிலைக்குக் காசு இல்லை என்று அவர் என்னிடம் கேட்டு வாங்கிய நாள்கள் இருக்கின்றன. பக்கத்துக் கட்டில் அம்மாவின் பேத்தி சாமத்தியப்பட்டபோது கையில் கொடுக்க ஒன்றுமில்லை என்று அழுத நாள் இருக்கிறது. அப்போதெல்லாம் அவருடைய பணம் இருபது அடி தூரத்தில் அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. திருட்டு நடந்திருந்தால் நான் பொலிஸில் முறையிட்டிருப்பேன். நேர்மையான மனிதர்கள், நல்ல எண்ணத்தோடு, ஒருவரைத் தன் பணத்துக்கே அந்நியராக்கியதை எங்கு போய் முறையிடுவது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எல்லா இடத்திலும் பணம் குறையாமல் இருக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. காணி விடயத்தில் ஆபத்து இன்னும் பெரியது. வன்னியில் குடியேற்றக் காணிகளில் பெரும்பங்கு 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவை. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் தன் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின்னர் காணி யாரைச் சேரவேண்டும் என்பதை, நியமிக்கலாம். பார்வை மங்கிய, வாசிக்கத் தெரியாத ஒருவரிடம், ஆண்டுக்கணக்கில் எட்டிப் பாராத உறவினர் ஒருவர் திடீரென்று பழங்களோடு வந்து பெருவிரல் அடையாளம் வாங்கிச் செல்வதை எந்த விதி தடுக்கிறது? இல்லத்தில் இருப்பவரின் காணி, வங்கி, வாரிசு தொடர்பான எந்தக் கடதாசியும், கிராம அலுவலரோ காணி உத்தியோகத்தரோ அந்த முதியவரைத் தனியே அமர்த்தி, உறவினரும் நிர்வாகத்தினரும் இல்லாத இடத்தில், அவருக்கு விளங்கும் பேச்சில் வாசித்துக் காட்டிக் கேட்ட பின்னரே ஏற்கப்பட வேண்டும். பிரதேச செயலாளர்கள் மனம் வைத்தால் நாளைக்கே நடைமுறைக்கு வரக்கூடிய ஒழுங்கு இது.

அடையாள அட்டை பூட்டப்பட்டிருந்ததால் 2020 ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் பெரியம்மா வாக்களிக்கவில்லை. அவருடைய பெயர் பழைய முகவரியில் இருந்தது. மாற்றுவது பற்றி எவரும் நினைக்கவில்லை.

கட்டி வைத்தல் பற்றி எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் எழுதவேண்டும். பெரியம்மாவுக்கு அடுத்த கட்டிலில் மறதிநோய் முற்றிய ஓர் அம்மா இருந்தார். ஒரு மாலை நான் போனபோது அவருடைய கை பழைய சேலைத் துண்டால் கட்டிலின் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. பராமரிப்பாளராக இருந்த இளம்பெண் என்னைக் கண்டதும் அவிழ்த்தார். "இரவிலை எழும்பிக் கிணத்தடிக்குப் போயிடுறா ரீச்சர், நான் ஒராள்தான்" என்றார். அவர் சொன்னது உண்மை. போரில் கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, இரவு முழுவதும் தனி ஒருவராக இருபதுக்கு மேற்பட்டவர்களைப் பார்க்கிறவர் அவர். அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. ஆனால் இரவுக்கு இரண்டாவது ஆள் இல்லாததன் விலையை அந்த அம்மாவின் மணிக்கட்டு கொடுத்தது.

அமெரிக்காவில் 1987 இல் நிறைவேறிய பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் இந்த இடத்தைத் தெளிவாகத் தொட்டது. தண்டனைக்காகவோ பணியாளரின் வசதிக்காகவோ எவரையும் உடலால் கட்டுவதும் மருந்தால் மயக்கி வைப்பதும் கூடாது என்று அது விதித்தது. இல்லத்திலிருந்து ஒருவரை வெளியேற்றுவதென்றால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பைக் காரணத்தோடு எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றது. அங்கு ஒவ்வொரு மாநிலத்திலும் நிர்வாகத்தைச் சாராத குறைகேள் அதிகாரிகள் இருக்கிறார்கள். 1972 இல் சில மாநிலங்களில் முன்னோடியாகத் தொடங்கிய ஏற்பாடு அது. அவர்களும் அவர்களுடைய தொண்டர்களும் இல்லங்களுக்குள் சென்று தங்கியிருப்போருடன் தனியே பேசுகிறார்கள். அந்த நாட்டின் வளம் எங்களுக்கு இல்லை. ஆயினும், நித்திரைக் குளிசை யாருக்கு, எந்த வைத்தியரின் எழுத்தின் பேரில், எத்தனை நாளுக்கு என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கவும், கட்டுவதற்கு முன்னர் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவைத் தொடர்புகொள்ளவும் பெரிய வளம் தேவையில்லை.

வெளியேற்றம் பற்றிய விதி எங்களுக்கு மிக அவசரமானது. "கூடக் கதைச்சால் வீட்டை அனுப்பிப்போடுவம்" என்ற ஒரு வசனம் போதும், வீடே இல்லாத ஒருவரின் வாயை அடைப்பதற்கு. முறைப்பாட்டுப் பெட்டி வைத்திருக்கிறோம் என்று நிர்வாகங்கள் சொல்லும். நான் பார்த்த பெட்டி அலுவலக வாசலில், முகாமையாளரின் மேசைக்கு நேரெதிரே தொங்கியது. திறப்பும் அவரிடமே இருந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் பெட்டியால் என்ன பயன் என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

உத்தியோகத்தர்கள் மேற்பார்வைக்கு வருவதையும் கண்டிருக்கிறேன். முதல்நாளே தகவல் வந்துவிடும். தரை கழுவப்படும், கட்டில்களுக்குப் புதிய விரிப்பு வரும், எல்லோரும் குளித்து வரிசையாக அமர்ந்திருப்பார்கள். வந்தவர்கள் முகாமையாளர் அருகில் நிற்க, "அம்மா, எல்லாம் சரியோ?" என்று கேட்பார்கள். "ஓம் ஐயா" என்பதே பதில். அந்த "ஓம் ஐயா" கோப்பில் ஏறும். அறிவிக்காமல் வாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள், இரவு எட்டு மணிக்கு வாருங்கள். கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து இருவரையும் ஓய்வுபெற்ற தாதி ஒருவரையும் சேர்த்து, எந்த நேரமும் உள்ளே போகவும் எவருடனும் தனியே பேசவும் அதிகாரமுள்ள ஒரு வருகைக் குழுவை ஒவ்வொரு பிரதேச செயலகமும் அமைக்கலாம். தம் வயதை ஒத்த ஒருவர் மாமரத்தடியில் பக்கத்தில் வந்து குந்தினால் அந்த அம்மாக்கள் சொல்வது வேறாக இருக்கும்.

புலம்பெயர்ந்து வாழும் எம் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள் இதில் உண்டு. உங்கள் கை இல்லாவிட்டால் வன்னியில் பல இல்லங்களின் அடுப்பு எரியாது. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் நீங்கள் வழங்கும் மதிய உணவை அங்குள்ளவர்கள் நன்றியோடு உண்கிறார்கள். ஆனால் சாப்பாடு பரிமாறிய பின்னர், கைவைக்கும் முன்னர், கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி படத்துக்கு நிற்கவேண்டியிருக்கிறது. உங்கள் பிள்ளையின் படம் அச்சிட்ட பதாகை பின்னால் கட்டப்படுகிறது. அந்தப் படம் முகநூலில் ஏறி, பெரியம்மாவின் பழைய அயலவர் ஒருவர் கனடாவிலிருந்து பார்த்து, "உங்கட பெரியம்மா அங்கையோ இருக்கிறா?" என்று எனக்குத் தொலைபேசியில் கேட்டார். ஊருக்குத் தெரியவேண்டாம் என்று பெரியம்மா மறைத்து வைத்திருந்த ஒன்று அன்றோடு ஊருக்குத் தெரிந்தது. அதன்பின்னர் விசேட சாப்பாடு உள்ள நாள்களில் அவர் வயிற்றுக்குத்து என்று படுத்துக்கொள்வார். கணக்குக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பற்றுச்சீட்டையும் கணக்கறிக்கையையும் கேளுங்கள். பசித்திருப்பவரின் முகத்தைக் கேட்காதீர்கள். உணவுக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை இரவுப் பராமரிப்பாளரின் சம்பளத்துக்குக் கொடுத்தால், மேலே நான் எழுதிய சேலைத் துண்டுக்குத் தேவை இருக்காது.

சிறிய விடயங்கள் என்று தள்ளப்படுபவை இன்னும் பல. சமையல்காரர் வீடு போகவேண்டும் என்பதற்காக மாலை ஐந்தரைக்கே இராச்சாப்பாடு. சைவரும் கத்தோலிக்கரும் ஒன்றாக இருக்கும் இடத்தில் எல்லோருக்கும் ஒரே வழிபாடு. உடை மாற்றும்போது மறைப்புத் துணி இல்லாமை. இளைய மகனின் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்ததற்காகப் பெரியம்மாவை "மற்றவையும் அழுகினம்" என்று கண்டித்திருக்கிறார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில், நடக்க முடிந்த காலத்தில் அவரும் போய் இருந்தவர். இல்லத்திற்கு வந்தபின் அங்கு ஒருமுறை போகக் கேட்டபோது "இஞ்சை அரசியல் வேண்டாம்" என்றார்கள். தாய் தன் பிள்ளையைத் தேடுவதை நிறுத்தவேண்டும் என்பதை அனுமதி நிபந்தனையாக எந்த இல்லமும் வைக்க முடியாது.

தன் சாவு பற்றியும் அவரிடம் எவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. தங்கை பேரன் கொள்ளி வைக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. நான் போய்ச் சேர இரண்டு மணி நேரம் பிந்தியிருந்தால் அதுவும் நடந்திராது.

சமூக சேவை அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணத்துக்குரிய விடயம். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின்னர் தேர்தல் நடைபெறாமல் ஆளுநரின் நிர்வாகம் தொடர்கின்றமையால், இல்லங்களுக்கென ஒரு நியதிச்சட்டம் சபையில் எப்போது வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பொருளில்லை. திணைக்களத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். ஆவணங்களையும் பணத்தையும் பற்றுச்சீட்டு இல்லாமல் பெறக்கூடாது என்றும், கேட்டவுடன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும், சுயபுத்தியுள்ள ஒருவர் வெளியே போய்வருவதற்கு எழுதிவிட்டுப் போனால் போதும் என்றும், எழுத்திலான காரணமும் கால அவகாசமும் இன்றி எவரையும் வெளியேற்றக்கூடாது என்றும், சம்மதமின்றிப் படம் எடுக்கக்கூடாது என்றும் அதில் எழுதுங்கள். பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது இவற்றைக் கேட்டுச் சரிபாருங்கள்.

இம்மடலின் ஒரு பிரதியைத் திணைக்களத்துக்கும் எனக்குத் தெரிந்த இல்லங்கள் ஒவ்வொன்றுக்கும் தபாலில் அனுப்புகிறேன். நிர்வாகத்தினரிடம் ஒன்று கேட்கிறேன். இதை அலுவலகத்தில் வைத்து வாசித்துவிட்டுக் கோப்பில் போட்டுவிடாதீர்கள். அங்குள்ளவர்களில் பலருக்கு இந்த எழுத்துத் தெரியாது, தெரிந்தவர்களுக்கும் கண் தெரியாது. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் விறாந்தையில் இருக்கும் நேரத்தில், எவரேனும் ஒருவர் சத்தமாக, ஆறுதலாக, முழுவதையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு, நான் எழுதியதில் எது சரி, எது பிழை, எது விடுபட்டது என்று அவர்களையே கேட்டு எழுதி அனுப்புங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆசிரியை ஒருவர்,
வவுனியா.